இல்லத் தொண்டு யாருடைய தர்மம்?



சில மாதங்களுக்கு முன்பு புனே நகரில் தமிழன்பர்கள் ஏற்பாடு செய்திருந்த கீதை வகுப்பில் கர்மயோகத்தைப் பற்றிப் பேசினேன். வகுப்பு முடிந்து அனைவரும் பிரசாதம் பெற்றுக் கலைந்த பின்னர், ஓர் அம்மையார் தயங்கியவாறு அருகில் வந்தார். வயது நாற்பதை நெருங்கியிருக்கும். ஒரு வங்கியில் அதிகாரியாகப் பணிபுரிபவர்.

"சுவாமிஜி, என் மாமியார் பக்கவாதத்தால் படுத்த படுக்கையாகிப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. அவரை என் தாயாகவே எண்ணிப் பார்த்துக்கொள்கிறேன். சென்ற ஆண்டு எனக்குப் பதவி உயர்வு வந்தது. வேறு ஊருக்குச் செல்ல நேரும் என்பதால் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது வேலையையே விட்டுவிடலாமா என்று வீட்டில் பேச்சு எழுந்திருக்கிறது. அலுவலகத்தில் இருக்கும்போது, 'நோயாளியை விட்டுவிட்டு இங்கு வந்து அமர்ந்திருக்கிறோமே' என்று மனம் குத்துகிறது. வீட்டில் இருக்கும்போது, 'நம் வேலையைப் பிறர் சுமக்கிறார்களே' என்று குத்துகிறது. இரண்டில் எது என் ஸ்வதர்மம்?" என்று கேட்டார்.

"வீட்டில் வேறு யாரெல்லாம் இருக்கிறார்கள், அம்மா?" என்று வினவினேன்.

"என் கணவர், கல்லூரியில் படிக்கும் மகன். கணவரின் தம்பி இதே ஊரில் தனிக்குடித்தனம் இருக்கிறார்."

"இந்தக் கேள்வியை அவர்களும் தங்களுக்குள் கேட்டுக்கொள்கிறார்களா?"

அவர் சற்று நேரம் யோசித்தார். "இல்லை சுவாமிஜி. அவர்களுக்கு இப்படியொரு கேள்வி எழுந்ததாகவே தெரியவில்லை. அவர்கள் நல்லவர்கள்தாம். நான் சொன்னால் மருந்து வாங்கி வந்து கொடுப்பார்கள்."

அந்தப் பதில் என்னைப் பல நாட்கள் சிந்திக்க வைத்தது. படுக்கையில் இருப்பவர் இரு ஆண்களைப் பெற்ற தாய். ஒரு பேரனுக்குப் பாட்டி. ஆயினும், அவரைப் பேணுவதா, வேலையைக் காப்பதா என்ற தர்மசங்கடம் அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே ஏற்பட்டிருக்கிறது. ஒரே கடமை பலருக்கு உரியதாக இருக்க, அதன் வேதனை மட்டும் ஒருவருக்கு வந்து சேர்வது எப்படி? இன்று நாம் சிந்திக்க வேண்டியது இதுவே.

நாம் பாதி சொன்ன கதை

மகாபாரதத்தின் வனபர்வத்தில் வரும் கௌசிகன் கதையை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். தமிழகத்தில் இதனையொத்த கதை கொங்கணவரைப் பற்றியதாக வழங்குகிறது. சுவாமி விவேகானந்தரும் கர்மயோகச் சொற்பொழிவுகளில் இக்கதையை எடுத்துக் கூறியிருக்கிறார்.

கௌசிகன் வேதம் ஓதிய அந்தணன், தவசீலன். மரத்தடியில் அமர்ந்திருந்த அவன்மீது ஒரு கொக்கு எச்சமிட்டது. அவன் சினந்து நோக்கியதும் அது உயிரிழந்து கீழே விழுந்தது. பின்னர் அவன் பிச்சைக்காக ஓர் இல்லத்தின் வாயிலில் நின்றான். அவ்வீட்டுப் பெண் பாத்திரத்தைத் தூய்மை செய்துகொண்டிருந்த வேளையில், அவளுடைய கணவன் பசியோடு வந்துவிட்டான். அவனுக்கு உணவிட்டு உபசரித்த பிறகே அவள் பிச்சையுடன் வெளியே வந்தாள். காத்திருந்த கௌசிகன் கோபத்தால் கொதித்தான். அவளோ அமைதியாக, தான் கொக்கல்ல என்பதை அவனுக்கு நினைவூட்டினாள். காட்டில் நடந்ததை வீட்டுக்குள் இருந்த அவள் எவ்வாறு அறிந்தாள் என்று அவன் திகைத்து நின்றான்.

நம் மேடைகளில் கதை பெரும்பாலும் இந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. "பார்த்தீர்களா! இல்லப் பணியாலேயே ஒரு பெண் தவசீலனையும் விஞ்சிவிட்டாள்" என்று சொல்லிப் பெண்களை நோக்கிக் கை கூப்புகிறோம். பெண்கள் மகிழ்ந்து வீடு திரும்பி, மறுபடியும் அடுப்படிக்குள் செல்கிறார்கள்.

வியாசர் கதையை அங்கே முடிக்கவில்லை. அந்தப் பெண் கௌசிகனை மிதிலைக்கு அனுப்புகிறாள். தர்மத்தின் நுட்பத்தை அங்கே வாழும் தர்மவியாதரிடம் கேட்டறியுமாறு பணிக்கிறாள். தர்மவியாதர் கடைவீதியில் இறைச்சி விற்பவர். அன்றாடம் உழைத்துப் பிழைப்பவர். வணிகம் முடிந்ததும் அவர் கௌசிகனைத் தம் இல்லத்திற்கு அழைத்துச் செல்கிறார். அங்கே அவருடைய முதிய பெற்றோர் உண்டு களித்து, தூய ஆடை உடுத்து, நல்ல இருக்கையில் அமர்ந்திருக்கிறார்கள். இவர்களே தமக்குத் தெய்வம் என்கிறார் அவர். தாமே அவர்களை நீராட்டுவதாகவும், தாமே பாதங்களைக் கழுவுவதாகவும், தாமே உணவு அளிப்பதாகவும் கூறுகிறார்.

'தாமே' என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். தர்மவியாதருக்கு மனைவி உண்டு, மக்களும் உண்டு. குடும்பத்தினர் அனைவரும் அத்தொண்டில் பங்குகொள்வதாகவே அவர் கூறுகிறார். ஆனால், 'என் மனைவி பார்த்துக்கொள்கிறாள்' என்று அவர் ஒதுங்கிக்கொள்ளவில்லை. 'நான் சம்பாதித்துப் போடுகிறேன், அதுவே என் சேவை' என்றும் சொல்லவில்லை. கடையில் எடை போட்ட அதே கைகளால் பெற்றோரின் கால்களைக் கழுவுகிறார்.

கதையின் முடிவு இன்னும் ஆழமானது. வேதம் கற்பதற்காகப் பெற்றோரின் அனுமதியின்றி வீட்டைவிட்டு வந்தவன் கௌசிகன். அந்தத் துயரால் அவர்கள் பார்வையையே இழந்துவிட்டனர். 'வீடு திரும்பி அவர்களைப் பேணுவாயாக' என்பதே தர்மவியாதர் அவனுக்கு அளித்த உபதேசத்தின் நிறைவு. கௌசிகனும் அவ்வாறே செய்கிறான்.

ஆக, முதியோரைப் பேணுக என்ற கட்டளை இக்கதையில் ஓர் ஆணுக்கு, கற்றறிந்த ஆணுக்கு இடப்படுகிறது. அதனை இடுபவரும் ஓர் ஆண். செய்து காட்டிய பின்னர் இடுகிறார். அவரிடம் வழி காட்டி அனுப்பியவளோ ஓர் இல்லத்தரசி. 'நான் செய்வது எனக்கு மட்டும் உரிய கடமையன்று. ஆண்மகனாகிய நீயும் இதனைக் கற்றுக்கொள்ள வேண்டும். உனக்கு அதைக் கற்பிக்க ஓர் ஆண்மகன் மிதிலையில் இருக்கிறான்' என்று அவள் சொல்லாமல் சொன்னதாகவே நான் கொள்கிறேன். கதையின் முற்பாதியை நம் பெண்களுக்குச் சொன்ன நாம், பிற்பாதியை நம் ஆண்களுக்குச் சொல்ல மறந்துவிட்டோம்.

ஒரு நாளின் கணக்கு

இந்த மறதியின் விளைவு என்ன? உணர்ச்சியால் பேசாமல் கணக்கைக் கொண்டு பார்ப்போம். ஏழைக்கும் செல்வருக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் இறைவன் சமமாகப் பகிர்ந்தளித்த ஒரே செல்வம் நேரம். ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு 1,440 நிமிடங்கள்.

நம் நாட்டு மக்கள் அந்த நேரத்தை எவ்வாறு செலவிடுகிறார்கள் என்பதை அறிய, நாடு தழுவிய முதல் கணக்கெடுப்பு 2019ஆம் ஆண்டில் நடைபெற்றது. சமையல், துப்புரவு, துணி துவைத்தல் முதலிய ஊதியமற்ற வீட்டுப் பணிகளில் 100 பெண்களில் 81 பேர் அன்றாடம் ஈடுபட்டதாகவும், 100 ஆண்களில் 26 பேர் மட்டுமே ஈடுபட்டதாகவும் அது காட்டியது. 2024ஆம் ஆண்டில் மீண்டும் கணக்கெடுத்தபோது, இப்பணிகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களையும், ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடங்களையும் செலவிடுவது தெரியவந்தது. குழந்தைகளையும் முதியோரையும் நோயுற்றோரையும் பேணுவது தனிக் கணக்கு. 15 முதல் 59 வயதுக்குட்பட்டோரில் அப்பணியைச் செய்யும் பெண்கள் அதற்கு 140 நிமிடங்களும், ஆண்கள் 74 நிமிடங்களும் அளிக்கிறார்கள்.

வீட்டுப் பணியில் மட்டும் வேறுபாடு நாளொன்றுக்கு 201 நிமிடங்கள். ஓராண்டுக்குப் பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 1,200 மணி நேரம் வருகிறது. எட்டு மணி நேர வேலை நாட்களாகக் கணக்கிட்டால் 150 நாட்கள். ஓட்டப்பந்தயத்தில் ஒருவர் தலையில் நிறைகுடத்தை வைத்துவிட்டு, 'இருவருக்கும் ஒரே பாதைதானே, ஏன் பின்தங்குகிறாய்?' என்று கேட்பது நியாயமாகுமா?

அதே 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 59 வயதுக்குட்பட்ட ஆண்களில் 75 விழுக்காட்டினரும், பெண்களில் 25 விழுக்காட்டினரும் வேலை தொடர்பான பணிகளில் ஈடுபட்டிருந்தனர். இவ்வளவு பெரிய இடைவெளிக்குக் காரணங்கள் பல உண்டு. ஆயினும், முன்னர் கூறிய 201 நிமிடங்களை விட்டுவிட்டு அதனை விளக்கிவிட முடியாது.

வாழ்வாதாரம் தேயும் விதம்

பெண்ணின் பணிவாழ்வு ஒரே நாளில் முறிவதில்லை. சிறிது சிறிதாகத் தேய்கிறது. குழந்தை பிறந்ததும் 'ஓராண்டு மட்டும்' என்று விடுப்பில் செல்கிறார். திரும்பி வரும்போது உடன் சேர்ந்தவர் ஒரு படி மேலே இருக்கிறார். மாலையில் திடீரென்று கூட்டம் என்றால், பள்ளியிலிருந்து வரும் குழந்தையை நினைத்து எழுந்துவிடுகிறார். 'இவருக்கு வேலையில் ஈடுபாடில்லை' என்ற பெயர் வருகிறது. ஊதியம் குறைந்தாலும் வீட்டுக்கு அருகிலுள்ள வேலையைத் தேடுகிறார். குழந்தை வளர்ந்து பத்தாம் வகுப்பை எட்டும்போது, மாமனார் மாமியாரின் முதுமை வந்துவிடுகிறது. ஊதியத்தோடு சேமநிதியும் ஓய்வூதிய உரிமையும் குறைகின்றன. பிறருடைய முதுமையைத் தாங்கியவர், தம் முதுமையில் கையில் ஒன்றுமின்றி நிற்கிறார்.

அலுவலகத்தில் பணிபுரியும் பெண்களின் துயரம் மட்டும் இதுவென எண்ணிவிடாதீர்கள். பீடி சுற்றும் பெண்ணும், பூக்கட்டும் பெண்ணும், ஊறுகாய் போடும் பெண்ணும் வீட்டிலிருந்தே செய்யும் தொழிலை ஏன் நாடுகிறார்கள்? தொட்டிலையும் அடுப்பையும் விட்டு நகர முடியாததே பெரும்பாலும் காரணம். 1959ஆம் ஆண்டு பம்பாயின் கிர்காவ் பகுதியில் ஏழு பெண்கள் 80 ரூபாய்க் கடனுடன் தொடங்கிய லிஜ்ஜத் அப்பளத் தொழில் இந்த நிலையை நன்கு புரிந்துகொண்டது. பெண்கள் காலையில் மாவை வாங்கிச் சென்று, தத்தம் வீட்டில் அப்பளமாக இட்டுக் கொண்டுவந்து கொடுக்கும் ஏற்பாட்டினால், எண்ணற்ற குடும்பங்களுக்கு அது சோறிட்டது. போற்றத்தக்க முயற்சி. எனினும் அதில் ஓர் உண்மையும் அடங்கியிருக்கிறது. ஆண் வேலைக்குச் செல்லும்போது, வீடு அவனுக்கேற்பத் தன்னை அமைத்துக்கொள்கிறது. பெண் வேலை செய்யும்போது, வேலைதான் வீட்டுக்கேற்பத் தன்னை அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இன்னும் கீழே இறங்கிப் பார்ப்போம். 1969ஆம் ஆண்டு, காந்தியடிகள் நூற்றாண்டையொட்டித் தில்லி ராஜ்காட் அருகே கண்காட்சிக்கான கட்டுமானப் பணி நடந்துகொண்டிருந்தது. மண் சுமந்த தாய்மாரின் குழந்தைகள் வெயிலிலும் புழுதியிலும் கிடந்ததை மீரா மகாதேவன் என்ற அம்மையார் கண்டார். ஒரு கூடாரத்தில் அக்குழந்தைகளுக்குக் காப்பகம் தொடங்கினார். கட்டுமானத் தலங்களுக்கே செல்லும் நடமாடும் காப்பகங்கள் அவ்வாறு பிறந்தன. காந்தியடிகளைப் போற்றும் கண்காட்சியைக் கட்டிய தாய்மாருக்கே குழந்தையைக் கிடத்த நிழலில்லை என்பதை ஒருவர் கண்ணெடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. நம்மில் எத்தனை பேர் அந்தக் கண்களைப் பெற்றிருக்கிறோம்?

சட்டமும் தன்னால் இயன்றதைச் செய்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் ஊதியத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பை முதல் இரு குழந்தைகளுக்கு 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தியது. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. தாய்மைக்கு இது பெரும் துணை. ஆனால் தந்தைமைக்கு? மத்திய அரசின் ஆண் ஊழியர்களுக்கு 15 நாட்கள் உண்டு. 26 வாரங்களையும் 15 நாட்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், குழந்தை யாருடைய பொறுப்பு என்று சமுதாயம் கருதுகிறது என்பது விளங்கும். அதனாலேயே சில முதலாளிகள் இளம் பெண்ணைப் பணியில் அமர்த்தத் தயங்குகிறார்கள். இளைஞனை அமர்த்தத் தயங்குவதில்லை.

புகழ்ச்சி என்னும் திரை

இவ்வளவும் நம் கண்ணுக்குத் தெரியாமல் போனது எப்படி? புகழ்ச்சி என்னும் திரையால் அதனை மூடிவிட்டோம். 'தியாகத்தின் திருவுருவம்', 'குடும்ப விளக்கு' என்றெல்லாம் சொற்களால் அர்ச்சித்தோம். என் குற்றத்தையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். பல மேடைகளில் நானும் பெண்களின் தியாகத்தைப் புகழ்ந்து பேசிக் கைதட்டல் பெற்றிருக்கிறேன். அந்தத் தியாகத்தைப் பகிர்ந்துகொள்ளுமாறு ஆண்களிடம் எத்தனை முறை கேட்டேன் என்று எண்ணிப் பார்த்தபோது, எனக்கே வெட்கமாக இருந்தது.

சொல்லால் அர்ச்சித்த நாம், கணக்கேட்டில் என்ன எழுதினோம் தெரியுமா? 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இல்லத்தரசிகள், பிச்சையெடுப்போரும் சிறைக்கைதிகளும் இடம்பெற்ற 'உழைக்காதோர்' பிரிவில் சேர்க்கப்பட்டிருந்தனர். 2010ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதனை வன்மையாகக் கண்டித்தது. சாலை விபத்து இழப்பீடு பற்றிய ஒரு வழக்கில் 2021 ஜனவரியில் தீர்ப்பளித்த அதே நீதிமன்றம், 2019ஆம் ஆண்டின் நேரக் கணக்கெடுப்பையே எடுத்துக்காட்டி, இல்லத்தரசியின் உழைப்புக்குப் பொருள் மதிப்பு உண்டு என்பதை உறுதி செய்தது. இறந்த பின்னர் நீதிமன்றம் அளவிடும் மதிப்பை, உயிரோடு இருக்கும்போது வீட்டில் உள்ளோர் அளவிடக் கூடாதா?

பணி மிகும்போது ஊதியம் மட்டுமா போகிறது? ஆன்ம சாதனையும் போகிறது. 19ஆம் நூற்றாண்டு வங்காளத்தில் வாழ்ந்த ராசசுந்தரி தேவியின் வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். சைதன்ய பாகவதத்தைத் தாமே படிக்க வேண்டும் என்பது அவருடைய தீராத ஏக்கம். பெண்கள் எழுத்தறிதல் குற்றமாகக் கருதப்பட்ட காலம் அது. அந்நூலின் ஓர் ஏட்டை எடுத்துச் சமையலறையில் ஒளித்து வைத்தார். மகன் எழுதிப் பழகிய ஏடு ஒன்றையும் அருகில் வைத்து, எழுத்தோடு எழுத்தை ஒப்பிட்டுக் கற்க முயன்றார். ஆனால், குழந்தைகளும் விருந்தினரும் ஓயாத சமையலுமாக, ஏட்டை எடுத்துப் பார்க்கவே நேரம் வாய்க்கவில்லை. தாம் உண்பதற்கும்கூட நேரமில்லாத நாட்கள் இருந்தன. இவை யாவற்றையும் 'ஆமார் ஜீபன்' என்ற தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் எழுதியிருக்கிறார். பகவானின் நாமத்தைப் படிக்க விரும்பிய பக்தைக்குத் தடையாக நின்றது புலனின்பமன்று. பிறர் கை கொடுக்காத வீட்டுப் பணியே.

ஜபமாலையைக் கையில் எடுத்ததும் குக்கர் கூவுகிறது என்று நம் சாதகப் பெண்கள் இன்றும் சொல்கிறார்களே, அது ராசசுந்தரியின் குரலேயாகும்.

இறைவனே செய்த பணி

'அடுக்களை வேலை ஆணுக்கு அழகன்று' என்று சொல்வோர் இன்றும் உளர். அவர்களைப் பண்டரிபுரத்திற்கு அழைத்துச் செல்வேன். நாமதேவரின் இல்லத்தில் பணிப்பெண்ணாக இருந்தவர் பக்தை ஜனாபாய். நள்ளிரவிலும் மாவரைக்க வேண்டிய நிலை. பாண்டுரங்கன் என்ன செய்தான்? வானிலிருந்து மலர் தூவி அவருடைய பொறுமையைப் பாராட்டினானா? எதிரே அமர்ந்து திரிகையின் பிடியைத் தானும் பற்றி அரைத்தான் என்பது மராட்டிய மண்ணின் நம்பிக்கை.

நம் திருச்சிராப்பள்ளியை மறக்கலாமா? பிரசவ காலத்தில் உடனிருக்க வேண்டிய தாய் காவிரி வெள்ளத்தால் வர இயலாமற்போக, சிவபெருமானே தாயின் வடிவில் வந்து ரத்னாவதிக்கு மகப்பேறு பார்த்தார் என்பது தலபுராணம். அதனாலன்றோ அவர் தாயுமானவர்! பேறுகாலப் பணியைத் தன் பெருமைக்குக் குறைவு என்று அவர் கருதவில்லை. அப்பெயராலேயே கோயில் கொண்டிருக்கிறார்.

புராணத்தோடு நிறுத்த வேண்டாம். காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்தபோது, 1900ஆம் ஆண்டு கஸ்தூர்பாவுக்குத் திடீரென்று பிரசவ வலி கண்டது. உரிய நேரத்தில் உதவி கிடைக்கவில்லை. மகப்பேறு, குழந்தை வளர்ப்பு பற்றி முன்னரே நூல் படித்து ஆயத்தமாக இருந்த அவர், தாமே பிரசவம் பார்த்தார். அதனைத் தம் சுயசரிதையில் எவ்விதக் கூச்சமுமின்றி எழுதியும் வைத்தார். முன்கூட்டியே கற்றுக்கொண்டார் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது. பேணுதல் பெண்ணுக்குப் பிறவியிலேயே வருவது என்பது நம் சோம்பல் உருவாக்கிய நம்பிக்கை. அது கற்றுக்கொள்ளப்படும் கலை, ஆணும் கற்கலாம்.

நாம் மேற்கொள்ள வேண்டிய சாதனை

அன்பர்களே, சிந்தனை செயலாக மலர வேண்டும். ஆண் சாதகர்களுக்கு என் முதல் வேண்டுகோள்: 'உதவி செய்கிறேன்' என்ற சொல்லை விட்டுவிடுங்கள். பிறருடைய வேலைக்கே நாம் உதவுகிறோம். நம் வேலையை நாம் செய்கிறோம். சொன்னால் மருந்து வாங்கி வருவது நல்லதே. எந்த மருந்து எப்போது தீரும் என்பதை நினைவில் வைத்திருப்பதும் ஒரு வேலை; அதுவே பெரிய சுமை. ஏதேனும் ஒரு பொறுப்பை முழுவதுமாக, நினைவூட்டலுக்குக் காத்திராமல் ஏற்றுக்கொள்ளுங்கள். பலன் கருதாமல், புகழ் கருதாமல், அன்றாடம், யாரும் பாராத வேளையில் செய்யும் செயலே கர்மயோகம் என்றால், பாத்திரம் துலக்குவதைவிடச் சிறந்த பயிற்சி உண்டோ?

தாய்மாருக்கு ஒரு வார்த்தை. மகளைச் சமையலறைக்கு அழைக்கும்போது மகனையும் அழையுங்கள். 'நீ போய்ப் படி' என்று இன்று அவனை அனுப்பினால், நாளை இன்னொரு வீட்டுப் பெண்ணின் வேலையை நீங்களே பறித்தவர் ஆவீர்கள். மகன் கஞ்சி ஊட்ட வந்தால் கூச்சத்தால் மறுத்து மருமகளைத் தேடாதீர்கள்.

நிறுவனம் நடத்தும் அன்பர்களே, ஒரு பெண் ஊழியர் மாலை ஐந்து மணிக்கு எழுந்தால், அவருடைய ஈடுபாட்டை ஐயுறாதீர்கள். ஆண் ஊழியர் தந்தையைப் பேண விடுப்புக் கேட்டால், 'உன் மனைவி எங்கே?' என்று கேட்காதீர்கள்.

வசதி படைத்த குடும்பங்கள் பணிப்பெண்ணை அமர்த்திச் சிக்கலைத் தீர்த்துக்கொள்கின்றன. தவறில்லை. ஆனால், நம் குழந்தையைப் பார்க்க வரும் அப்பெண்ணின் குழந்தையை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டதுண்டா? நியாயமான ஊதியமும், வாரம் ஒரு நாள் ஓய்வும், நோயுற்றால் விடுப்பும் அளித்த பின்னரே, நம் வீட்டுச் சுமை தீர்ந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். இல்லாவிடில் சுமையை இன்னொரு பெண்ணின் தலைக்கு மாற்றியிருக்கிறோம், அவ்வளவே.

கடைசியாக நம் சத்சங்கங்களைப் பற்றியும் கூற வேண்டும். விழா நாளில் சொற்பொழிவு நடக்கும்போது முன்வரிசையில் அமர்ந்திருப்பவர் யார்? பின்கட்டில் பிரசாதத்திற்குக் காய் நறுக்குபவர் யார்? கீதையின் சாரத்தைக் கேட்பவர் ஒருவர், சாம்பாரைக் கிளறுபவர் வேறொருவர் என்ற நிலை நம் கூடங்களில் மாற வேண்டும். முறை வைத்து ஆண்களும் சமையலுக்குச் செல்லட்டும். குழந்தையோடு வரும் தாய் நிம்மதியாக அமர்ந்து கேட்க, ஒரு மூலையில் குழந்தைகளைக் கவனித்துக்கொள்ள இரு இளைஞர்கள் பொறுப்பேற்கட்டும்.

நால்வரின் கேள்வி

புனே அம்மையாருக்கு நான் அன்று விடையளிக்கவில்லை. "அடுத்த வாரம் உங்கள் கணவரோடு வாருங்கள். கேள்வி இருவருக்கும் உரியது" என்று மட்டும் சொன்னேன். இருவரும் வந்தனர். தர்மவியாதரின் கதையை முழுவதுமாகக் கூறினேன். கணவர் நெடுநேரம் தலை குனிந்திருந்தார். பிறகு, "அம்மாவைத் தூக்கி உட்கார வைக்கக்கூட எனக்குத் தெரியாது சுவாமிஜி. இவள் செய்தால்தான் அம்மாவுக்கும் வசதி" என்றார்.

"பதினான்கு மாதங்களுக்கு முன்பு இவருக்கும் தெரியாதல்லவா?" என்று கேட்டேன். அவரிடம் பதிலில்லை.

அண்மையில் அந்த அம்மையாரிடமிருந்து கடிதம் வந்தது. காலை வேளைப் பொறுப்பு முழுவதும் கணவருடையதாகிவிட்டது. வார இறுதியில் தம்பி வருகிறார். மாலையில் பாட்டிக்குக் கை கால் பயிற்சி தருவது பேரனின் பணி. சில பணிகளுக்கு மாமியார் மகனை அனுமதிக்கக் கூச்சப்பட்டதால் ஓர் உதவியாளரை அமர்த்தியிருக்கிறார்கள். அவருக்கு ஞாயிறு விடுமுறை. வீட்டில் இப்போதும் சண்டை உண்டு, மறதியும் உண்டு என்று எழுதியிருந்தார். இழந்த பதவி உயர்வு திரும்ப வரவில்லை, அது வராது. ஆனால், வேலையை அவர் விடவில்லை. 'எது என் தர்மம் என்று இப்போது நான் தனியாகக் கேட்டுக்கொள்வதில்லை. எங்கள் வீட்டில் நால்வரும் கேட்கிறோம்' என்று கடிதத்தை முடித்திருந்தார்.

நால்வரும் சேர்ந்து கேட்கும் இல்லத்தில் தொண்டு யாகமாகிறது. ஒருவர் மட்டும் கேட்கும் இல்லத்தில் அவரே அந்த யாகத்தின் ஆகுதியாகிவிடுகிறார். இன்று வீடு திரும்பியதும் ஒவ்வோர் ஆண்மகனும் ஒரு கணம் நின்று, 'என் இல்லத்தில் இக்கேள்வியை யார் தனியாகச் சுமக்கிறார்கள்?' என்று பார்ப்பாராக.

தாயாகவும் வந்து பணி செய்த பரம்பொருள், நம் கைகளுக்கும் அந்தப் பணிவை அருள்வதாக. நம் இல்லங்களில் உள்ள அன்னையரும் சகோதரியரும், தாம் கற்ற கல்விக்கும் பெற்ற திறனுக்கும் உரிய பணியை மனச்சுமையின்றிச் செய்யும் நாள் விரைவில் வருவதாக.

ஓம் சாந்தி! சாந்தி! சாந்தி!